பழைய ஹைலக்ஸ் டபுள் கப்: வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய பராமரிப்பு

வன்னியின் வயல் பாதைகளிலும் மலையகத் தோட்டப் பாதைகளிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ்களில் பல, 1988இல் வந்த ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றுள் எல்.என். 106 என்ற மாதிரியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. முன்னும் பின்னும் வில்லுத்தகடு, முன்னால் ஒரே துண்டான கனத்த அச்சு, 96 மி.மீ. துளையும் 96 மி.மீ. வீச்சும் கொண்ட 3எல் டீசல் எஞ்சின். கொள்ளளவு 2779 கன செ.மீ. டர்போ இல்லை, கணினி இல்லை. பொறுமையும் சரியான சாவிகளும் உள்ளவர் இதன் பெரும்பகுதியை வீட்டு முற்றத்திலேயே பராமரிக்கலாம்.

முதலில் வாகனத்தின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சில்லுகளுக்கும் நடுவே ஒரே இரும்புக் குழாய் ஓடி, அதன் மேல் வில்லுத்தகடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குரியது. இதே உடலமைப்போடு, முன் சில்லுகள் தனித்தனியே அசையும் மாதிரிகளும் உண்டு. சில்லுக்குப் பக்கத்தில் மடிப்பு மடிப்பான றப்பர் உறை தெரிந்தால் அது அந்த வகை. அந்த வகைக்கு, முன் அச்சைப் பற்றிய பகுதி பொருந்தாது, மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

தேவையான சாமான்கள்

8 முதல் 24 மி.மீ. வரை சாவியும் சொக்கெட்டும். அரை அங்குல டோர்க் ரென்ச் ஒன்று. முன் சில்லு நட்டுக்கு 54 மி.மீ. சொக்கெட். வளையக் கிளிப் கழற்றும் குறடு, பித்தளைக் கம்பி அல்லது பித்தளைச் சுத்தியல், கிரீஸ் துப்பாக்கி, மல்டிமீற்றர், மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. தராசு எதற்கு என்பது பிறகு வரும்.

ஜக் ஒன்று போதும். ஆனால் மூன்று தொன் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம் வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் வாகனத்தை நிறுத்தாதீர்கள். சீமெந்துக் கல் வளையாது, முன்னறிவிப்புத் தராது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். ஜக்கை மட்டும் நம்பி உடலை உள்ளே விடவும் கூடாது. மணல் முற்றமானால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் புதைந்து சாயும்.

வாங்கியதும் முதலில் ஒயில்களைப் பாருங்கள்

பழைய வாகனத்தை வாங்கியவர் முதலில் பெயின்ட், சீற், ரயர் என்று ஓடுவார். அதற்குமுன் ஐந்து இடங்களிலுள்ள ஒயிலையும் வெளியே எடுத்துப் பாருங்கள்: எஞ்சின், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் (முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் டிஃப், பின் டிஃப் (அச்சின் நடுவிலுள்ள பல்பெட்டிகள்). எது நன்றாக இருக்கிறது, எது சாகப்போகிறது என்பதை இந்த ஒயில்களே சொல்லிவிடும்.

டிஃப், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் மூன்றுக்கும் ஒரே விதி: ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், அது கழன்ற பிறகே கீழே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். கீழே திறந்து ஒயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் கறள் பிடித்து அசையவில்லை என்றால் வாகனம் அந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். டிஃப் பிளக்குகளுக்கு 24 மி.மீ. சொக்கெட். அறுகோணச் சொக்கெட்டே நல்லது, பன்னிரு கோணச் சொக்கெட் பிளக்கின் மூலைகளை உருட்டிவிடும்.

வடிந்த ஒயிலை வெள்ளைப் பேசினில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, அது பல வருடத் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துகளோ நகத்தளவு துண்டோ இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அந்த டிஃப்பைத் திறக்காமல் ஓடாதீர்கள்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? ஒவ்வொரு அச்சின் மேலும் மூச்சுவிடும் சிறிய மூடி ஒன்று உண்டு. ஓடிச் சூடான அச்சு வாய்க்காலில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்க, அச்சு வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியே ஆகவேண்டும். மூடி சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியே உறிஞ்சும். அதே அடைப்பு, சூடாகும்போது எதிர்த்திசையில் ஒயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். புதுச் சீல் போட்டும் ஒரு மாதத்தில் ஒழுகினால் சீலைத் திட்டுவதற்கு முன் இந்த மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அதை எடுத்துவிட்டு ஒரு றப்பர் குழாயைப் பொருத்தி எஞ்சின் அறையின் உயரம் வரை கொண்டுபோனால் இன்னும் நல்லது.

டிஃப் இரண்டுக்கும் ஜி.எல். 5 தரத்து 90 ஒயில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகம். ஊற்றும் துளையின் விளிம்பால் வழியத் தொடங்கினால் போதுமான அளவு வந்துவிட்டது. கியர் பொக்ஸுக்கு ஜி.எல். 4 தரத்து 75டபிள்யூ-90 வாங்குங்கள். ஜி.எல். 5இல் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும். எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஒயில், 5000 கி.மீ.க்கு ஒருமுறை, ஃபில்டருடன். 5 லீற்றரை ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

டைமிங் பெல்ட்: சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்

3எல் எஞ்சினின் டைமிங் பெல்ட்டுக்கு ஆயுள் 100,000 கி.மீ. அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், அதோடு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேலைதான். டாஷ்போர்டில் பெல்ட்டுக்கென்று ஒரு சிறு விளக்கு உண்டு. அது எரியாமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைக்கலாம், கிலோமீற்றர் பெட்டியையும் மாற்றலாம். முன்னைய சொந்தக்காரரிடம் பற்றுச்சீட்டு இல்லை என்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க மேல் மூடியைத் திறந்து பார்ப்பது எளிது. வெடிப்பு, நார் பிரிதல், எல்லாவற்றையும்விட ஒயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் பட்ட பெல்ட் 100,000 வரை காத்திருக்காது.

மாற்றும் வேலை அரை நாள் எடுக்கும். முதல்முறை செய்பவர், ஏற்கெனவே செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வரிசை இது:

1. பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். ஃபான் உறை, ஃபான், வெளி பெல்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.
2. கிராங்க் புலியின் போல்ட்டில் சாவி வைத்து எஞ்சினை மணிக்கூட்டுத் திசையில் மட்டும் சுழற்றி, முதலாம் சிலிண்டரை மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), காம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டீசல் பம்ப் மூன்றின் குறிகளும் அதனதன் இடத்தில் நிற்கவேண்டும். வெள்ளைப் பெயின்டால் மூன்றிலும் கோடு போட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. கிராங்க் புலியைப் புல்லர் கொண்டு எடுங்கள். நெம்பினால் விளிம்பு உடையும். கீழ் மூடியை எடுத்து, இறுக்கும் உருளையைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றுங்கள். இதன்பின் கிராங்க்கையோ காமையோ சுழற்றவே கூடாது.
4. கிராங்க் முன் சீலையும் காம் சீலையும் பாருங்கள். சிறிது ஈரம் இருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். இறுக்கும் உருளையைக் கையால் சுழற்றிப் பாருங்கள், சத்தம் வந்தால் அதுவும் புதிது.
5. புது பெல்ட்டைப் போடும்போது டீசல் பம்பின் புலி தன் உள்வில்லின் விசையால் குறியைவிட்டு நகரப் பார்க்கும். இன்னொருவர் சாவியால் பிடித்துக்கொள்ளட்டும். தொய்வு முழுவதும் இறுக்கும் உருளை இருக்கும் பக்கத்துக்கே வரவேண்டும்.
6. உருளையை வில்லின் விசைக்கு விட்டு, கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். குறி மூன்றும் மறுபடி சேரவேண்டும். ஒரு பல் தவறினாலும் கழற்றித் திரும்பப் போடுங்கள். சுழற்றும்போது எங்காவது கடினமாகத் தட்டினால் பலத்தால் தள்ளாதீர்கள், அது வால்வு.

ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் பம்ப் ஒரு பல் பின்தங்கியிருக்கலாம். கடுமையாக அடிக்கும் சத்தம் வந்தால் ஒரு பல் முந்தியிருக்கலாம்.

தண்ணீர்ச் சுற்று

இந்த எஞ்சினின் பலவீனம் ஹெட். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வால்வுகளுக்கு இடையில் வெடிக்கும். ரேடியேற்றருக்கு யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தின் கடினத் தண்ணீர் அது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை ரேடியேற்றர் குழாய்களிலும் ஹெட்டின் உள்வழிகளிலும் படியும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சூடேறுவதற்குப் பெரிய காரணம் தேடுவதற்கு முன், மலிவானவற்றைப் பாருங்கள். ரேடியேற்றர் மூடியின் றப்பர் இறுகிவிட்டதா? தெர்மோஸ்டற் திறக்கிறதா? அதைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டியில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் தெரியும். கொதிக்கும் முன்பே நன்கு திறக்கவேண்டும். நம் நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை என்று எடுத்துவிடுகிறார்கள். தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாது, சிலிண்டரும் வேகமாகத் தேயும். அடுத்தது ஃபான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, ஃபானைக் கையால் சுண்டுங்கள். தடையின்றிப் பல சுற்றுச் சுழன்றால் அதன் நடுவிலுள்ள ஒயில் கிளட்ச் செத்துவிட்டது. ஹற்றன் பக்கம் ஏற்றத்தில் மட்டும் சூடேறி, சமதரையில் சரியாக இருக்கும் வாகனத்தில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைவது, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லாக இறுகுவது, ரேடியேற்றருக்குள் விடாமல் குமிழ் வருவது, இவை ஹெட் அல்லது கஸ்கட் போனதன் அடையாளம். அது வீட்டு வேலை அல்ல. ஹெட்டைக் கழற்றி அழுத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும்.

முன் அச்சு: இந்த வாகனத்தின் இதயமான வேலை

முன் சில்லின் உட்புறம் ஒரு பெரிய இரும்பு உருண்டை தெரியும். அதற்குள்ளேதான் திரும்பியபடியே சுழலும் மூட்டு இருக்கிறது. பேர்ஃபீல்ட் மூட்டு என்பார்கள். அதற்கு வேண்டியது கிரீஸ், டிஃப்புக்கு வேண்டியது ஒயில். இரண்டையும் பிரிப்பது அச்சுக் குழாயின் முனையிலுள்ள ஒரு சிறிய சீல் மட்டுமே. அது தேய்ந்தால் ஒயில் உருண்டைக்குள் வழிந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த கூழ் வெளி றப்பரைத் தாண்டிச் சில்லின் உட்புறம் வழியும், பிரேக் டிஸ்க்கிலும் படும். அதே வேளையில் டிஃப்பின் ஒயில் குறைந்துகொண்டே போகும். ஒரு சின்னச் சீலால் மூட்டு, பிரேக், டிஃப் மூன்றும் கெடும்.

உருண்டையின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது நல்லது, அது துடைக்கும் றப்பர் வேலை செய்வதன் அடையாளம். கீழ் விளிம்பில் மெல்லிய கறுப்புத் துளி தொங்கினால் உள் சீல் போய்விட்டது. நான்கு சில்லும் இழுக்கும்போது முழுக்கத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் வந்தால் மூட்டே தேய்ந்திருக்கிறது. நேராகப் போகையில் ஸ்டியரிங் திடீரென்று நடுங்கத் தொடங்கி, நிறுத்தினால்தான் அடங்கும் என்றால் உருண்டையின் மேலும் கீழும் உள்ள பெயாரிங்குகளைப் பாருங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கவேண்டியவை: உள் சீல், துடைக்கும் றப்பரும் ஃபெல்ட்டும், கஸ்கட்டுகள் அடங்கிய கிட், உருண்டைப் பெயாரிங் நான்கு, சில்லுப் பெயாரிங் உள்ளும் வெளியுமாக நான்கு, சில்லுச் சீல் இரண்டு, நட்டுப் பூட்டும் வாஷர் இரண்டு. மொலிப்டினம் கலந்த கிரீஸ் ஒரு கிலோ, சில்லுப் பெயாரிங்குக்கு லிதியம் கிரீஸ் கால் கிலோ. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய மூட்டும் அச்சும் வாங்கலாம், அவை கனத்த இரும்பு. பழைய சீலும் பெயாரிங்கும் ஒருபோதும் வாங்காதீர்கள்.

1. ஹான்ட் பிரேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அச்சுக் குழாயின் அடியில் ஜக் வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். முன் டிஃப்பின் ஒயிலை வடித்துவிடுங்கள்.

2. கலிப்பரின் இரண்டு 17 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றி, கம்பியால் வில்லுத்தகட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் பாரம் தொங்கக்கூடாது.

3. சில்லு நடுவிலுள்ள ஹப்பை ஃப்ரீ நிலைக்கு (சில்லு அச்சோடு சேராத நிலை) திருப்பி, மூடியின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அச்சு முனையின் வளையக் கிளிப்பை எடுங்கள். பிறகு ஹப் உடலின் ஆறு நட்டுகள். இவற்றுக்குள் கூம்பு வடிவ வாஷர்கள் இறுகியிருக்கும். அவற்றை நெம்பாதீர்கள். ஹப்பின் பக்கத்தில் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் தாமாகவே துள்ளி வெளியே வரும்.

4. பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 54 மி.மீ. சொக்கெட்டால் வெளி நட், வாஷர், உள் நட் என்ற வரிசையில் கழற்றுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து இந்த நட்டைச் சுற்றிய அடையாளம் இருந்தால் உள்ளே பெயாரிங்கையும் சரியாக இறுக்கியிருக்கமாட்டார்கள் என்று கொள்ளலாம். டிஸ்க்கோடு ஹப் வெளியே வரும்.

5. அடுத்தது சில்லு சுழலும் குழல், எட்டு போல்ட். தட்டி எடுத்ததும் கறுப்புக் கூழ் கொட்டும், கீழே பழைய பேசின் வையுங்கள். மூட்டின் வெளி அச்சில் தட்டையான ஒரு பக்கம் இருக்கும். அதை மேல்நோக்கித் திருப்பி வைத்து இழுத்தால் அச்சு முழுவதும் தடையின்றி வெளியே வரும்.

6. உருண்டையின் பின்பக்கத் துடைக்கும் றப்பரைக் கழற்றி, ஸ்டியரிங் தடியின் முனையைப் பிரியுங்கள். பிறகு மேலும் கீழும் உள்ள மூடிகள். அவற்றின் அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேல், கீழ், இடம், வலம் என்று தனித்தனிப் பையில் போட்டு எழுதிவையுங்கள். இவை கலந்துபோனால் சில்லின் நடுப்புள்ளி அச்சோடு ஒத்துவராது, புது உள் சீல் ஒருபக்கமாகத் தேயும்.

7. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். மூட்டின் குண்டுகள் ஓடும் பள்ளத்தில் குழி விழுந்திருக்கிறதா, குண்டுகளைப் பிடிக்கும் கூண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். உருண்டையின் மேற்பரப்பில் கறள் குழிகள் இருந்தால் மெல்லிய அரத்தாளால் மட்டமாக்குங்கள். அவைதான் புது றப்பரைக் கிழிக்கும்.

8. உருண்டைப் பெயாரிங்கை அதன் வெளி வளையத்தோடு சேர்த்தே மாற்றவேண்டும். பழைய வளையத்தில் புதுப் பெயாரிங் நிற்காது.

9. உள் சீலை விளிம்பு மட்டம் வரை நேராக அடித்து இறக்குங்கள், உதடு டிஃப்பை நோக்கி இருக்கட்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். அச்சைத் திரும்பச் செருகும்போது அதன் பாரம் முழுவதையும் கையில் தாங்குங்கள். அச்சு முனையின் கூரான பற்கள் ஒருமுறை சீலின் மேல் உரசினால் அரை நாள் வேலை அங்கேயே வீண். முதல்முறை செய்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது.

10. மூட்டின் குண்டுகளுக்குள் மொலிப்டினம் கிரீஸை விரலால் அழுத்தி நிரப்புங்கள். உருண்டையின் உள்ளே முக்கால் பங்கு போதும். முழுதும் அடைத்தால் சூட்டில் விரிந்து றப்பரைத் தள்ளும்.

11. மூடிகளையும் ஸ்டியரிங் கையையும் பிடிக்கும் நட்டுகளைக் கூம்பு வாஷர்களோடு சுமார் 97 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ஸ்ரட் (நட் ஏறும் திருகுத் தண்டு) துளையில் எண்ணெய் இருக்கக்கூடாது. கூம்புகள் ஓட்டத்தில் இன்னும் சற்று உள்ளே அமரும், அதனால் 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்ரட் தளர்ந்து, வெட்டுப்பட்டு, ஸ்டியரிங் கை ஒருநாள் கழன்றுவிடும். இந்த வரியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

12. சில்லுப் பெயாரிங்குக்குள் லிதியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் புகுத்துங்கள். ஹப்பைப் போட்டு உள் நட்டைச் சுமார் 60 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் பலமுறை சுழற்றுங்கள், பெயாரிங் தன் இடத்தில் அமரும். பிறகு நட்டைத் தளர்த்தி மெதுவாக மறுபடி இறுக்குங்கள். எவ்வளவு? இங்கேதான் மீன் தராசு. அதன் கொக்கியைச் சில்லு ஸ்ரட் ஒன்றில் மாட்டி இழுங்கள். ஹப் சுழலத் தொடங்கும் கணத்தில் தராசு 3 முதல் 5 கிலோ வரை காட்டவேண்டும். பூட்டு வாஷரையும் வெளி நட்டையும் போட்டு 47 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, தராசால் மறுபடி பாருங்கள், ஏனெனில் வெளி நட் உள் நட்டைச் சிறிது தள்ளியிருக்கும். சரி என்றால் வாஷரின் ஒரு நாக்கை உள் நட்டின் பக்கமும் இன்னொன்றை வெளி நட்டின் பக்கமும் மடியுங்கள்.

13. ஹப்பின் உட்புறத்துக்கு மெல்லிய படலமாகக் கிரீஸ் போதும். அங்கே அடைத்து வைத்தால் நாளடைவில் இறுகி, லொக் நிலைக்குத் திருப்பியும் பற்கள் சேராது. கலிப்பர் போல்ட் சுமார் 120 நியூட்டன் மீற்றர். டிஃப்புக்குப் புது ஒயில் ஊற்ற மறக்காதீர்கள்.

முதல்முறை ஒரு பக்கத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்கவேண்டாம். ஒன்றை முடித்த பிறகே மற்றது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் முழுசாக இருக்கும்.

பிரேக்

டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை ஒரு சிறு பம்ப் உண்டாக்குகிறது. 3எல்லில் அது ஓல்டனேற்றரின் முதுகில் ஒட்டியிருக்கிறது. மிதி திடீரென்று கல்லாக இறுகினால் பிரேக் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் அங்கிருந்து வரும் குழாயைப் பாருங்கள். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயிலும் குழாய் வழியே போய் வருகிறது. திரும்பி வரும் றப்பர் குழாய் சூட்டில் வெடித்தால் எஞ்சின் ஒயில் முழுவதும் தெருவில் கொட்டிவிடும். ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் ஒயில் தாங்கும் குழாயே வாங்குங்கள், தண்ணீர்க் குழாய் ஒரு மாதத்தில் ஊதிவிடும்.

பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடியோடு கூடிய ஒரு வால்வு இருக்கும். பாரம் ஏறி வாகனம் தாழும்போது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. பின்னால் வில்லுத்தகடு கூட்டி வாகனத்தை உயர்த்தியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வால்வு எப்போதும் வெறும் வாகனம் என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்குத் தடியின் தாங்கியையும் உயர்த்தவேண்டும். காற்று எடுக்கும்போது பின் சில்லுகள், இந்த வால்வு, பிறகு முன் சில்லுகள் என்று போங்கள். டொட் 3 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

டீசல், கிரீஸ், கறள்

டீசல் ஃபில்டர் 20,000 கி.மீ.க்கு ஒன்று. அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்பை அமுக்கினால் தங்கியிருக்கும் தண்ணீர் வெளியேறும். மாற்றிய பின் கைப்பம்பு இறுகும்வரை அமுக்கிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் காற்றுப் பிடித்து ஸ்டார்ட் ஆகாது. கறுப்புப் புகைக்கு முதலில் காற்று ஃபில்டரைப் பாருங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் டீசல் பம்பைத் திருகிக் குறைப்பது தீர்வல்ல. காலையில் நீண்ட நேரம் சுற்றியே ஸ்டார்ட் ஆனால் ஹீற்றர் பிளக்குகளை மல்டிமீற்றரால் அளவுங்கள். நல்லது ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும், எரிந்தது எதுவும் காட்டாது.

புரொபெல்லர் தண்டுகளின் குறுக்கு மூட்டுகளுக்கு 5000 கி.மீ.க்கு ஒருமுறை, பழைய கிரீஸ் நான்கு பக்கமும் பிதுங்கும்வரை அடியுங்கள். நீண்டு சுருங்கும் பகுதிக்கு மட்டும் இரண்டு மூன்று அழுத்தே போதும். வில்லுத்தகட்டைப் பிடிக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றினால் புதிது போடுங்கள், அவை ஒருமுறை இழுபட்டு நீண்டவை.

கடற்கரையிலும் களப்போரத்திலும் ஓடும் வாகனத்துக்குச் சட்டத்தின் உட்புறமே எதிரி. பின் அச்சின் மேல் வளைந்து போகும் பகுதியையும் வில்லுத்தகட்டுத் தாங்கிகளையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு, மந்தமான சத்தமென்றால் உள்ளே தகடு தகடாகக் கறள். சட்டத்தின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுச் சேறு போகும்வரை கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பின்னரே கறள் தடுக்கும் எண்ணெய். ஈரத்தின் மேல் கறுப்புத் தார் பூசினால் கறள் உள்ளேயே வளரும்.

நான்கு சில்லையும் ஓட்டிப் பாருங்கள்

பயன்படுத்தாமலே கெடும் பகுதி இது. மாதம் ஒருமுறை முன் ஹப் இரண்டையும் லொக் நிலைக்குத் திருப்பி, 16 கி.மீ. ஓடுங்கள். முன் அச்சின் எல்லாப் பகுதிக்கும் ஒயில் ஏறும். எச் 2 நிலையில் (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) சாதாரண தெருவிலேயே இதைச் செய்யலாம். நான்கு சில்லும் இழுக்கும் எச் 4ஐ மணல், சேறு, சரளை போன்ற வழுக்கும் தரையில் மட்டும் போடுங்கள். முன் பின் அச்சுகளுக்கு நடுவே வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் அமைப்பு இதில் இல்லை. தார் வீதியில் திருப்பினால் சில்லு வழுக்கமுடியாமல் முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் பற்களிலும் ஏறும். நான்கு சில்லும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் எல் 4க்கு வாகனத்தை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்துப் போடுங்கள்.

எச் 2க்குத் திரும்ப எடுக்கும்போது லீவர் அசைய மறுத்தால் அந்த முறுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. லீவரை இழுத்து முறிக்காதீர்கள். நேராக ஐந்தாறு மீற்றர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் இலகுவாக வரும். பிறகு இறங்கி இரண்டு ஹப்பையும் ஃப்ரீக்குத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் லொக்கில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.